ஊட்டியில் மூன்று நாள் வேலை: முதல் தடவை மலை ஏறுகிறவருக்கு ரூம் வழிகாட்டி

எங்கள் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த பையனைப் போன ஜனவரியில் குன்னூருக்கு அனுப்பினார்கள். தேயிலை ஃபேக்டரியில் மெஷின் சர்வீஸ், மூன்று நாள் வேலை. அவன் ஆப்பைப் பார்த்து ஊட்டியில் எண்ணூறு ரூபாய்க்கு ரூம் போட்டுக்கொண்டு போய்விட்டான். முதல் நாள் ராத்திரி ஒன்பதரைக்கு போன். "அண்ணா, ரூம்ல ஃபேனே இல்லண்ணா, விலை கம்மினு ஏமாத்திட்டாங்களா?" மறுநாள் விடிகாலை ஐந்தரைக்கு இன்னொரு போன். "அண்ணா, சுடுதண்ணி ஏழு மணிக்குத்தான் விடுவாங்களாம். ஃபேக்டரில ஏழரைக்கு வரச் சொன்னாங்க."

ஊட்டியில் பெரும்பாலான ரூம்களில் ஃபேன் இருக்காது. அதில் ஏமாற்று வேலை ஒன்றும் இல்லை. இரண்டாவது போன்தான் கவலைக்குரியது. பதினோரு வருடமாக இதே வேலையாகக் கோவையிலிருந்து ஏறி இறங்குகிறேன். எனக்குத் தெரிந்தது இதுதான்: நீலகிரியில் ரூம்கள் ஓடுவது சுற்றுலா வருகிறவர்களின் கடிகாரத்துக்கு. அவர்கள் ஒன்பது மணிக்கு எழுந்து, பதினொன்றுக்குக் கிளம்பி, ராத்திரி பன்னிரண்டு வரை பேசிக்கொண்டிருப்பார்கள். நமக்கு எல்லாமே தலைகீழ். அதனால் நமக்கு வேண்டியதை நாமே முன்கூட்டிக் கேட்டு வாங்க வேண்டும்.

1. முதலில் ஊர், அப்புறம் ரூம்

ஆபீசில் "ஊட்டி" என்றுதான் சொல்வார்கள். கீழே இருப்பவர்களுக்கு மாவட்டம் முழுவதுமே ஊட்டிதான். நீங்கள் வேலை நடக்கும் இடத்தின் பெயரைக் கேட்டு வாங்குங்கள்.

கலெக்டர் ஆபீஸ், கோர்ட், அரசு மருத்துவக் கல்லூரி என்றால் ஊட்டியிலேயே தங்கலாம். தேயிலை சம்பந்தப்பட்ட வேலை என்றால் பெரும்பாலும் குன்னூர்ப் பக்கம். வாராவாரம் தேயிலை ஏலம் நடப்பதும், தோட்ட முதலாளிகள் சங்கமான உபாசி இருப்பதும், கூட்டுறவு ஃபேக்டரிகளின் இணையமான இன்கோசர்வ் இருப்பதும் அங்கேதான். அருவங்காடு வெடிமருந்து ஆலை, வெலிங்டன் ராணுவ மையம், பாஸ்டியர் இன்ஸ்டிடியூட் எல்லாவற்றுக்கும் குன்னூர்தான் வசதி. ஊட்டிக்கும் குன்னூருக்கும் பத்தொன்பது கிலோமீட்டர் போல வரும். சாதாரண நாளில் பஸ்ஸில் ஒரு மணி நேரம். சீசனில் எவ்வளவு நேரம் ஆகும் என்று டிரைவராலேயே சொல்ல முடியாது. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர், குன்னூர் சுமார் 1,850. அந்த வித்தியாசம் காலையில் குளிக்கும்போது நன்றாகத் தெரியும். பையன் குன்னூரிலேயே தங்கியிருந்தால் போன் வந்திருக்காது.

கோத்தகிரியில் வேலை என்றால் கோத்தகிரியிலேயே பாருங்கள். பெரிய செயின் ஹோட்டல்கள் அங்கே குறைவு. பஸ் ஸ்டாண்டைச் சுற்றி இருக்கும் லாட்ஜ் போதும். கூடலூர், பந்தலூர் தனி உலகம். ஊட்டியிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் கீழே இறங்க வேண்டும், குளிரும் அவ்வளவு கிடையாது. ஊட்டியில் ரூம் போட்டுவிட்டுத் தினமும் கூடலூர் போய் வரலாம் என்று மேனேஜர் சொன்னால், ஒரு நாள் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

ஊட்டிக்குள்ளே பார்த்தால் சேரிங் கிராஸ், கமர்ஷியல் சாலை, பஸ் ஸ்டாண்ட் இந்த மூன்றுக்கும் நடுவில் கிடைப்பது நல்லது. சாப்பாடு, மருந்துக் கடை, ஆட்டோ எல்லாம் கைக்கெட்டும் தூரம். மேப்பில் "பஸ் ஸ்டாண்டிலிருந்து 700 மீட்டர்" என்று காட்டும் ரூமை நம்பாதீர்கள். அந்த 700 மீட்டரும் செங்குத்தாக இருக்கலாம். டூல்ஸ் பெட்டியோடு எல்க்ஹில் ஏறிய ஒரு சாயங்காலம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. "வேலி வியூ", "லேக் வியூ" என்று பெயரிலேயே காட்சி இருந்தால் மேட்டில் இருக்கிறது என்று அர்த்தம். ஆறு மணிக்கு இருட்டிய பிறகு நமக்கு எந்த வியூவும் இல்லை.

2. தேதி

ஏப்ரல், மே சீசன் என்பது எல்லோருக்கும் தெரியும். மே மாதம் தாவரவியல் பூங்காவில் மலர்க் கண்காட்சி நடக்கும் நாட்களில் எண்ணூறு ரூபாய் ரூம் இரண்டாயிரத்து ஐநூறைத் தொடும். செப்டம்பர், அக்டோபர் இரண்டாவது சீசன். பலர் கோட்டை விடுவது வேறொன்றில்: ஊட்டிக்குக் கூட்டம் கேரளாவிலிருந்தும் கர்நாடகாவிலிருந்தும் வருகிறது. அதனால் நம் காலண்டரில் சாதாரண வேலை நாளாகத் தெரிவது அவர்களுக்கு ஓணம் விடுமுறையாகவோ தசரா விடுமுறையாகவோ இருக்கும். மூன்று மாநிலக் காலண்டரையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

முடிந்தால் திங்கள் ஏறி வியாழன் இறங்குங்கள். வெள்ளிக்கிழமை ராத்திரி தங்குவதென்றால் அன்றைக்கு மட்டும் வாடகை ஏறும். பேட்டா ஏறாது.

3. போர்டைப் பார்த்து மயங்காதீர்கள்

குறைந்த விலை செயின் ஹோட்டல் என்றால், ஒரே கம்பெனி ஊர் ஊராகக் கட்டடம் கட்டி நடத்துகிறது என்று புதியவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். தாங்களே நடத்தும் செயின்கள் உண்டு. ஆனால் 2013இல் தொடங்கிய ஓயோ மாதிரியானவை வேறு வகை. கட்டடம் உள்ளூர்க்காரருடையது, ஆட்களும் அவருடையவர்கள். பெயர்ப் பலகை, ஆப், புக்கிங், விலை நிர்ணயம் இவைதான் கம்பெனியிடமிருந்து வருபவை. ஆக, கோயம்புத்தூரில் அதே பெயரில் நல்ல ரூம் கிடைத்தது என்பதால் ஊட்டியிலும் அப்படியே கிடைக்கும் என்று சொல்ல முடியாது. இருபது வருடப் பழைய காட்டேஜ், வெள்ளையடித்துப் புதுப் பலகை மாட்டிக்கொண்டு நிற்கும்.

ஒரு ஜூலை மாதம், நல்ல மழை, ராத்திரி பத்து மணி. புக்கிங் உறுதி என்று போனில் இருக்கிறது, ஹோட்டல் வாசலில் வேறு பெயர் இருக்கிறது. ஓனர் குடையோடு வந்து நிதானமாகச் சொன்னார்: "அவங்ககூட காண்ட்ராக்ட் முடிஞ்சு ரெண்டு மாசமாச்சுங்க. ஆப்ல இன்னும் எடுக்கலைங்களா?" கஸ்டமர் கேர் மறுநாள் காலையில் வருத்தம் தெரிவித்தது. அன்றைக்கு அந்த ஓனரே பாதி விலைக்கு ரூம் கொடுத்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

விமர்சனங்களைப் படிக்கவும் ஒரு முறை இருக்கிறது. நட்சத்திரத்தை விடுங்கள். நீங்கள் போகும் மாதத்தில் போன வருடம் எழுதப்பட்டவற்றைத் தேடிப் படியுங்கள். மே மாதம் வந்தவர் "அருமையான ரூம்" என்று எழுதியது ஜூலைக்கு உதவாது. மே மாதத்தில் சுவர் காய்ந்திருக்கும். சுடுதண்ணீர், ஈர வாடை, இரைச்சல் இந்த மூன்றைப் பற்றி யாராவது எழுதியிருக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள்.

அரசாங்கத்தின் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் நடத்தும் ஓட்டல் தமிழ்நாடு ஊட்டியிலும் இருக்கிறது. அதுவும் ஒரு வகையில் செயின்தான். அந்த பில்லை எங்கள் அக்கவுண்ட்ஸில் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொள்வார்கள்.

4. ரிசப்ஷனுக்கு ஒரு போன்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். ஆப்பில் புக் செய்த பிறகு, கஸ்டமர் கேருக்கு அல்ல, ஹோட்டல் ரிசப்ஷனுக்கே முந்தின நாள் போன் போடுங்கள். "நாளைக்கு வர்றோம், புக்கிங் உங்க லிஸ்ட்ல வந்திருக்காங்க?" என்று ஆரம்பியுங்கள். அப்புறம் சுடுதண்ணீர்.

"சுடுதண்ணி இருக்கா?" என்று கேட்டால் "இருபத்தி நாலு மணி நேரமும் இருக்குங்க" என்றுதான் பதில் வரும். கேள்வியை மாற்றுங்கள்: "காலைல அஞ்சரைக்குக் குளிக்கணும், தண்ணி எப்படி வரும்?" இப்போது உண்மை வெளியே வரும். பொது பாய்லர் என்றால் நேரம் உண்டு, ஆறிலிருந்து ஒன்பது வரை அல்லது ஏழிலிருந்து பத்து வரை. நேரத்துக்கு முன்னால் வேண்டுமென்றால் பக்கெட்டில் கொண்டுவந்து தருவார்களா என்று கேளுங்கள், பல இடங்களில் தருகிறார்கள். ரூமுக்குள் கரண்ட் கீசர் என்றால் நல்லது. சோலார் என்றால் மழைக்காலத்தில் வேறிடம் பாருங்கள். ஜூலை மாத ஊட்டியில் சூரியனை நம்பிக் குளிக்கக் கூடாது. குளியலறைக்குள்ளேயே கேஸ் கீசர் மாட்டியிருந்தால், ஜன்னல் திறந்திருந்தாலொழிய அதைப் போடாதீர்கள். காரணம் பின்னால் வருகிறது.

அடுத்து, எந்த ரூம். மலையில் கட்டடத்தின் ஒரு பக்கம் மண்ணை வெட்டி ஒட்டிக் கட்டியிருப்பார்கள். அந்தப் பக்கத்துக் கீழ்த்தள ரூம்களில் சுவர் வருடம் முழுக்க ஈரம் கசியும். "மண்ணு பக்கம் வேண்டாங்க, வெயில் படற பக்கம் கொடுங்க" என்று கேட்டால், வந்திருப்பது விஷயம் தெரிந்த ஆள் என்று அவர்களுக்கும் புரிந்துவிடும். பார்க்கிங்குக்கு மேலே உள்ள ரூமும் வேண்டாம். டூரிஸ்ட் வேன் டிரைவர்கள் ஐந்து மணிக்கே வண்டியை ஸ்டார்ட் செய்து சூடேற்றுவார்கள்.

கடைசியாகச் செக்-இன் நேரம். பெரும்பாலும் பகல் பன்னிரண்டு. இரவு ரயிலில் வருகிறவர் காலை ஒன்பது, ஒன்பதரைக்கே ஊட்டியில் நிற்பார். சீசன் இல்லாத நாளில் ரூம் காலியாக இருந்தால் கேட்டவருக்குக் கொடுத்துவிடுவார்கள், சிலர் கொஞ்சம் கூடுதலாகக் கேட்பார்கள். எதுவும் முடியாதென்றால் பையை வைக்கவும், முகம் கழுவிச் சட்டை மாற்றவும் ஓரிடம் கேட்டு வையுங்கள்.

5. ஏறுவது

சென்னையிலிருந்து வருகிறவருக்கு நீலகிரி எக்ஸ்பிரஸ். காலை ஆறரை வாக்கில் மேட்டுப்பாளையம். அங்கிருந்து 7.10க்கு மலை ரயில் கிளம்பும். அதில் ஏறிவிடாதீர்கள். 1908இல் ஊட்டி வரை வந்த ரயில், யுனெஸ்கோ அங்கீகாரம் பெற்ற ரயில், எல்லாம் சரி. 46 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம் எடுத்துக்கொள்ளும். அது குடும்பத்தோடு வரும்போது. வேலைக்குப் போகிறவருக்கு பஸ்தான். கோவையிலிருந்து என்றால் மேட்டுப்பாளையம் சாலை பஸ் ஸ்டாண்டில் ஊட்டி பஸ் கிடைக்கும்.

குன்னூர் வழியில் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். வயிறு புரட்டும் உடம்பு என்றால் முன் சீட், அரை வயிறு. போனைப் பார்த்துக்கொண்டே வராதீர்கள், பாதி வாந்திக்கு அதுதான் காரணம். சீசன் நாட்களில் குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்க வேண்டும் என்று போலீஸ் ஒருவழிப் பாதையாக்குவார்கள். கோத்தகிரி போக வேண்டியவர் இதை முதலிலேயே விசாரித்துக்கொள்வது நல்லது.

கம்பெனி கார் அல்லது சொந்த வண்டி என்றால் இ-பாஸ் வேண்டும். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இருக்கிறது. ஆன்லைனில் பதிந்தால் இலவசமாகக் கிடைக்கும். 2025 சீசனில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000 வண்டி என்று எண்ணிக்கைக் கட்டுப்பாடும் வந்தது. அதனால் கிளம்பும் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். அரசு பஸ்ஸில் போகிறவருக்கு இந்தத் தொல்லையே இல்லை.

பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மாவட்டத்தில் தடை. செக்போஸ்ட்டில் வாங்கி வைத்துவிடுவார்கள், அபராதமும் உண்டு. ஒரு ஸ்டீல் ஃபிளாஸ்க் எடுத்துக்கொள்ளுங்கள். வழியிலும் ஊருக்குள்ளும் குடிநீர் ஏடிஎம்கள் இருக்கின்றன. ராத்திரி ஹோட்டலில் சுடுதண்ணீர் பிடித்து வைத்துக்கொள்ளவும் அதே ஃபிளாஸ்க் ஆகும்.

6. சாவியை வாங்கும் முன்

ஆதார் கேட்பார்கள். முதல் எட்டு எண்கள் மறைக்கப்பட்ட ஆதாரை இறக்கி வைத்துக்கொண்டால் அதைக் கொடுக்கலாம்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் ரூமைப் பார்த்துவிடுங்கள். கதவைத் திறந்ததும் மூக்கை நம்புங்கள். ஊதுபத்தி வாசனை தூக்கலாக இருந்தால் சுவர் மூலைகளையும் கட்டிலுக்குப் பின்னாலும் பாருங்கள், கறுப்புப் பூஞ்சை இருக்கும். கம்பளிக்கு அடியில் கையை விட்டுப் பாருங்கள். குளிர்ச்சி வேறு, ஈரம் வேறு. பத்து விநாடி கையை வைத்திருந்தால் குளிர்ச்சி போய்விடும், ஈரம் போகாது. ஜன்னல் முழுதாகச் சாத்துகிறதா, தாழ்ப்பாள் விழுகிறதா என்றும் பாருங்கள். இரண்டு ரூமாவது பார்க்கக் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. இரண்டாவது கம்பளியை அப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள். ராத்திரி பதினொன்றுக்குப் போன் அடித்தால் எடுக்க ஆள் இருக்காது.

7. ராத்திரி

நவம்பரில் நீர்ப்பனி தொடங்கும், டிசம்பர், ஜனவரியில் உறைபனி. தலைகுந்தா, காந்தல் பக்கம் விடிகாலையில் புல்லெல்லாம் வெள்ளையாகக் கிடக்கும், வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டிப் போகும். ரூம் ஹீட்டர் கேட்டால் தனி வாடகை சொல்வார்கள். அதுவும் கரண்டை இழுத்து ட்ரிப் ஆகிவிடும். நான் எடுத்துப் போவது ரப்பர் சுடுநீர்ப் பை ஒன்று. படுப்பதற்குக் கால் மணி நேரம் முன்பு கம்பளிக்குள் வைத்துவிட்டால் போதும். அதோடு மப்ளர், இரண்டு ஜோடி காட்டன் சாக்ஸ்.

ஒன்றைக் கண்டிப்பாகச் செய்யக் கூடாது. கரி அடுப்பையோ சட்டியில் நெருப்பையோ ரூமுக்குள் வைத்துக் கதவைச் சாத்திப் படுப்பது. "எல்லாரும் வைக்கறதுதான் சார்" என்று யாராவது கொண்டுவந்து தந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். மலைப்பகுதிகளில் இப்படி உயிர் போன செய்திகள் குளிர்காலத்தில் வந்துகொண்டேதான் இருக்கின்றன. மூடிய குளியலறைக்குள் கேஸ் கீசர் வேண்டாம் என்றதும் இதனால்தான்.

சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். குன்னூர், கோத்தகிரியில் கடைகளைச் சீக்கிரம் அடைத்துவிடுவார்கள். சாப்பிட்ட பிறகு "ஒரு நடை போய்விட்டு வருகிறேன்" என்ற நம் ஊர்ப் பழக்கம் இங்கே வேண்டாம். கோத்தகிரி, குன்னூர்த் தேயிலைத் தோட்டங்களை ஒட்டிய தெருக்களில் கரடியும் காட்டெருமையும் சர்வ சாதாரணம். காட்டெருமை சாலையில் நின்றால் ஹாரன் அடிக்காமல், போட்டோ எடுக்காமல், அது நகரும் வரை நிற்பதுதான் உள்ளூர்க்காரர்கள் செய்வது.

காலை டிபன் இலவசம் என்று புக்கிங்கில் போட்டிருக்கும். அது எட்டு மணிக்கு மேல்தான், நாம் கிளம்பிய பிறகு. முந்தின ராத்திரியே சொன்னால் சில இடங்களில் பிரெட்டாவது கட்டிக் கொடுப்பார்கள். இல்லாவிட்டால் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் சூடாக டீயும் இரண்டு வர்க்கியும். அந்த டிபனை விட எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

துணி விஷயம்: எதையும் துவைத்துக் காயப்போடலாம் என்று நம்பாதீர்கள். மழைக்காலத்தில் மூன்று நாள் ஆனாலும் காயாது. நாளுக்கு ஒரு செட், மேலே ஒன்று.

8. பில்

2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள ரூமுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். அதற்கு முன் 12. ஆயிரத்து ஐநூறு ரூபாய் ரூமுக்கு எழுபத்தைந்து ரூபாய் வரி என்றால் சரி. பழைய பழக்கத்தில் யாராவது பன்னிரண்டு போட்டிருந்தால் அங்கேயே திருத்தச் சொல்லுங்கள். கம்பெனி பெயரும் ஜிஎஸ்டி எண்ணும் இல்லாத பில்லை அக்கவுண்ட்ஸில் தொடமாட்டார்கள். எண்ணை செக்-இன் அன்றே கொடுங்கள். கிளம்பும் அவசரத்தில் கொடுத்தால் எழுத்துப் பிழையோடு வரும். ஆப்பில் முன்பணம் கட்டியிருந்தால் பில் தருவது ஆப்பா, ஹோட்டலா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இருவரும் ஒருவர் மேல் ஒருவர் கை காட்டுவது வழக்கம். கேஷ் கொடுத்தால் நூறு ரூபாய் குறைக்கிறேன் என்று துண்டுச் சீட்டில் எழுதித் தருவார்கள். அந்த நூறு ரூபாய்க்காக முழு வாடகையும் கைக்காசாகப் போய்விடும்.

9. இறங்கும் நாள்

செக்-அவுட் பதினொன்றுக்கு, நம் வேலை முடிவது மாலையில். காலையிலேயே ரூமைக் காலி செய்து, பையை ரிசப்ஷனில் வைத்துவிட்டுப் போங்கள். அரை நாள் வாடகை கொடுக்கத் தேவையில்லை.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழை. 2009 நவம்பரில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்களைப் பலி வாங்கிய நிலச்சரிவு இந்தப் பருவத்தில்தான். குன்னூர் வழியில் பர்லியார், மரப்பாலம் பக்கம் மண் சரிந்தால் பஸ்களைக் கோத்தகிரி வழியில் திருப்பிவிடுவார்கள். இரண்டும் அடைபட்டால் இன்னொரு ராத்திரி தங்க வேண்டியதுதான். ஆகவே அன்று ராத்திரி ரயிலுக்கு மேட்டுப்பாளையத்தில் டிக்கெட் போட்டிருப்பவர் மத்தியானமே இறங்கிவிடுவது நல்லது. ஒரு நாள் வாடகைப் பணத்தைத் தொடாமல் தனியாக வைத்திருங்கள்.

ரூமை விட்டுக் கிளம்பும்போது குளியலறைக் கதவுக்குப் பின்னால் ஒரு தடவை பாருங்கள். காயட்டும் என்று மாட்டிவிட்டு மறந்த வகையில் நான் இதுவரை மூன்று துண்டும் ஒரு நல்ல பனியனும் ஊட்டிக்குக் கொடுத்திருக்கிறேன்.